கிரீஸா, ஆயிலா? லஸ் முனையில் மடிந்த சக்கரமும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும்

மே மாதம் முதல் ஆகஸ்ட் வரை நான் ஊரில் இல்லை என்பது காலை நடைக்கு வரும் சி பிளாக் நண்பர்களுக்குத் தெரியும். பர்மிங்ஹாமில் மகள் வீட்டில் இருந்தேன். வெளிநாடு போய் வந்தவர்கள் நம் இதழில் கோட்டை, ஏரி, அருங்காட்சியகம் என்று எழுதுவது வழக்கம். நான் எழுதப்போவது மகள் வீட்டுக் கார் ஷெட்டைப் பற்றி.

அந்த ஷெட்டில் மாப்பிள்ளை 1969-ஆம் வருடத்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வைத்திருக்கிறார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேல்கூரையை மடக்கிவிடலாம் என்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். வார இறுதிகளில் அதன் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் முழுதாகக் கழற்றிப் புதுப்பித்து மாட்டினோம். "மாட்டினோம்" என்பது கொஞ்சம் அதிகம். வேலை செய்தது அவர். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், பெடல் மிதித்தேன், நிறையக் கேள்வி கேட்டேன்.

அப்படிக் கேட்ட ஒரு கேள்விக்கு வந்த பதிலில், எங்கள் குடும்பத்தில் ஐம்பது வருடமாகத் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விஷயம் தெளிவானது. அதைச் சொல்ல, அந்தக் கார் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கவென்ட்ரியில் ஒன்று, மெட்ராஸில் ஒன்று

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் என்ற கம்பெனி இருந்தது. 1950-களில் அதற்கு ஒரு நெருக்கடி. கார் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாக இருக்கும் முறைக்கு மற்ற கம்பெனிகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய பாடியை ஒரே துண்டாகச் செய்து தர ஆளில்லாததால், ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் பழைய வழிக்கே திரும்பியது. தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தது. இன்ஜினீயரிங் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டருடையது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜோவன்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் வெளிவந்த அந்தக் கார்தான் டிரையம்ப் ஹெரால்டு.

துண்டுகளாகக் கழற்றக்கூடிய வண்டியைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்புவது சுலபம். 1961 முதல் நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. பெருங்களத்தூர் பக்கம் போய்வந்த பழைய ஆட்களுக்கு அந்தத் தொழிற்சாலை நினைவிருக்கும். அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய சாலைகளில், முன்பக்க பானெட் முழுவதும் அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும் அந்த இரண்டு கதவுக் காரை எல்லோரும் நின்று பார்ப்பார்கள். பிறகு இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் மெட்ராஸில் செய்தார்கள்.

ஸ்பிட்ஃபயர் இந்த ஹெரால்டின் தம்பி. மிக்கெலோட்டி அதன் மாதிரியைச் செய்து கொடுத்தபோது கம்பெனியிடம் பணமில்லை. மாதிரி வண்டி ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தது. 1961-ல் லேலண்ட் நிறுவனம் கம்பெனியை வாங்கிய பிறகு, தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, "இதைச் செய்யலாமே" என்றார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அது வெளிவந்தது. ஹெரால்டில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம். ஸ்பிட்ஃபயரில் அதை 83 அங்குலமாகக் குறைத்தார்கள். சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள் பெரும்பாலும் ஹெரால்டிலிருந்தே வந்தன. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் செய்யப்பட்டன.

ஆகவே மாப்பிள்ளை முன் சக்கரத்தைக் கழற்றியதும் நான் அந்நியமான எதையும் பார்க்கவில்லை. சின்ன வயதில் அப்பாவின் ஹெரால்டுக்கு அடியில் குனிந்து பார்த்த அதே கால்தான் அங்கே இருந்தது.

முன்கால்

முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டையும் இணைப்பது செங்குத்தாக நிற்கும் ஓர் இரும்புத் தண்டு. தண்டின் மேல்முனையில் பந்து மூட்டு. கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை 'டிரனியன்' என்ற வெண்கலக் கட்டைக்குள் போய் உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரைக்குள் அரைச்சுற்றுக்கும் குறைவாகத் திரும்பி வரும். மலிவான, எளிய ஏற்பாடு. ஹெரால்டு லண்டன் டாக்ஸியையும் தோற்கடிப்பது போலச் சின்ன இடத்தில் வளைந்து திரும்பியது, சுமார் 25 அடி வட்டத்தில். முன் சக்கரம் அவ்வளவு தூரம் மடங்கித் திரும்ப இந்த அமைப்பு இடம் கொடுத்தது. லோட்டஸ் கம்பெனிகூடத் தன் எலான் ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரையம்பின் இந்த முன்காலை வாங்கிப் பயன்படுத்தியது.

மாப்பிள்ளை புதிய டிரனியனைக் கையில் வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸுக்கு ஊற்றும் இ.பி. 90 ஆயிலை அதற்குள் விட்டார். "கிரீஸ் கன் மேலே தொங்குதே, அதை எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, கிரீஸ் வேண்டாம் மாமா. இதுக்கு ஆயில்தான். கிரீஸ் போட்டா மரையோட அடி வரைக்கும் போகாது. காய்ஞ்சு கட்டியாயிடும். தண்ணி இறங்கித் துரு பிடிச்சு, ஒருநாள் இந்தத் தண்டு இங்கேயே ஒடிஞ்சிடும். வேகமாப் போகும்போதுகூட இல்ல, மெதுவா முழுசாத் திருப்பும்போது."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

1974, லஸ் முனை

அப்பா 1968-ல் ஹெரால்டு வாங்கினார். சுண்ணாம்பு வெள்ளை நிறம். ஆறு வருடம் அதைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார். மாதம் தவறாமல் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் விட்டு, "முன்னாடி நல்லா கிரீஸ் அடிச்சிடுப்பா" என்று சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருவார்.

1974 டிசம்பரில் ஒரு மாலை, மழை விட்ட நேரம். பாட்டியைக் கோயிலிலிருந்து அழைத்துக்கொண்டு லஸ் முனையில் மெதுவாகத் திரும்பும்போது, இடது முன் சக்கரம் 'படக்' என்று உள்ளே மடிந்து வண்டி ரோட்டில் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. பின்னால் வந்த பஸ் டிரைவர் நல்ல வேளையாக நிறுத்திவிட்டார். பாட்டி அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. "ஹெரால்டுக்குக் கால் வீக்" என்று மெக்கானிக்கும் சொன்னார், ஊரும் சொன்னது. மூன்று மாதத்தில் அப்பா வண்டியை வந்த விலைக்கு விற்றார். பிறகு அவர் கார் வாங்கவே இல்லை.

பர்மிங்ஹாம் ஷெட்டில் கம்பெனிக் கையேட்டைப் பார்த்தேன். டிரனியனுக்கு ஆயில் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. சில ஆயிரம் மைலுக்கு ஒரு முறை திருகாணியைக் கழற்றி, நிப்பிளை மாட்டி, ஆயில் விட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கிரீஸ் அடித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அன்று அவர் கையில் வந்த மற்ற வண்டிகளுக்கெல்லாம் முன்பக்க நிப்பிள் என்றால் கிரீஸ்தான். நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் கன் கேட்பது போலத்தான் இருக்கும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. சொல்லியிருந்த புத்தகம் ஆங்கிலத்தில், டேஷ்போர்டு பெட்டிக்குள் புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தவறு மெட்ராஸில் மட்டும் நடக்கவில்லை. இங்கிலாந்திலும் கிரீஸ் அடித்து ஒடிந்த டிரனியன்கள் ஏராளம். ஆனால் அங்கே ஒரு மாற்றம் வந்தது.

ஷெட்டுக்குள் வந்த புத்தகம்

1960-ல் பிரிட்டிஷ் அரசு பழைய வண்டிகளுக்கு எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. முதலில் பத்து வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றைப் பார்த்தார்கள். 1967-க்குள் மூன்று வருடம் ஆன வண்டிக்கே அது வந்துவிட்டது. தேறாவிட்டால் ரோட்டில் ஓட்ட முடியாது. ஒர்க்ஷாப்பில் கொடுக்கப் பணமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே ஸ்பேனர் எடுத்தார்கள்.

அவர்களுக்குப் புத்தகம் வேண்டியிருந்தது. கம்பெனிகள் அச்சிட்ட கனமான ஒர்க்ஷாப் புத்தகங்கள் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளுக்கானவை. கம்பெனியின் விசேஷக் கருவிகள் கையில் இருக்கின்றன என்று எண்ணி எழுதப்பட்டவை. விமானப்படையில் அதிகாரியாக இருந்த ஜான் ஹேன்ஸ், 1965-ல் ஏடனில் பணியாற்றியபோது, சக ஊழியர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்க உதவினார். கம்பெனிப் புத்தகம் சாதாரண ஆளுக்குப் பயன்படாது என்பதைப் பார்த்து, ஒரு கேமரா வாங்கி, கழற்றுவதையும் மாட்டுவதையும் படிப்படியாகப் படமெடுத்தார். 1966-ல் அது புத்தகமாக வந்தது. அச்சடித்த 3,000 பிரதிகளும் மூன்று மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. அதன் பிறகு ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் ஹேன்ஸ் புத்தகம் வந்தது. வண்டி வைத்திருந்த வீடுகளின் அலமாரியில் சமையல் புத்தகத்தோடு எண்ணெய்க் கறை படிந்த இந்தப் புத்தகமும் இடம்பிடித்தது.

1977-ல் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் உரிமையாளர்கள் சேர்ந்து 'டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப்' என்ற சங்கத்தையும் தொடங்கினார்கள். ஒருவர் கற்றது பத்துப் பேருக்குப் போனது. "டிரனியனுக்கு ஆயில்" என்பது அங்கே இன்று ஸ்பிட்ஃபயர் வாங்கப்போகும் இளைஞனுக்குக்கூடத் தெரிந்த பாடம்.

பின்கால்: இது நிஜமான குறை

முன்காலின் மேல் போட்ட பழி அநியாயம் என்றால், பின்காலின் மேல் போட்டது நியாயம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பின்பக்கம் வண்டியின் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். அதன் நடுப்பகுதி டிஃபரன்ஷியல் மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் போகும் ஆக்ஸில்களுக்கு உள்முனையில் மட்டும் மூட்டு. பறவையின் இறக்கை போல ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பகுதி உயரும். அப்போது சக்கரம் அடியில் மடங்கி டயரின் ஓரத்தில் நிற்கும். பின்பக்கம் பிடி விட்டு வண்டி சுழலும்.

இதே மாதிரி அமைப்பு கொண்ட அமெரிக்காவின் செவர்லே கார்வேர் காரைப் பற்றித்தான் ரால்ஃப் நேடர் 1965-ல் வெளிவந்த தன் புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதினார். டிரையம்ப் இன்ஜினீயர்களும் தங்கள் குறையை உணர்ந்திருந்தார்கள். ஸ்பிட்ஃபயரின் ஆறு சிலிண்டர் அண்ணனான ஜி.டி.6-க்கு 1968-ல் பின்பக்கம் கீழ்க்கை ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் செலவில்லாத ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பட்டைகளை எல்லாம் இறுக்கிக் கட்டாமல், பெரும்பாலானவற்றை நடுவில் ஊசலாட விட்டார்கள். சக்கரம் அடியில் மடங்குவது வெகுவாகக் குறைந்தது. மெட்ராஸில் வேறு முடிவு. இங்கே மெக்கானிக்குகளுக்கும் உரிமையாளர்களுக்கும் அந்த ஆடும் ஆக்ஸில் பிடிக்கவில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் அதை எடுத்துவிட்டு, வழக்கமான ஒரே நீள ஆக்ஸிலைப் போட்டார்கள்.

மாப்பிள்ளையின் வண்டி 1969 என்பதால் பழைய அமைப்புதான். ஐம்பது வருடப் பட்டை தொய்ந்து, பின் சக்கரங்கள் இரண்டும் மேலே சாய்ந்து நின்றன. புதிய ஸ்பிரிங் வாங்கி மாட்டினோம். ஆனால் பின் சக்கர ஹப்பைப் பிரிக்கும் வேலையை அவர் வீட்டில் செய்யவில்லை. அது டேப்பரில் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும். கனமான புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் ஆக்ஸிலே கெட்டுவிடும். அந்தப் பாகத்தைக் கழற்றி ஒர்க்ஷாப்பில் கொடுத்து வாங்கினார். எதை வீட்டில் செய்யக்கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பாதி.

இன்னொன்றும் கற்றேன். ரப்பர் புஷ்ஷுகளை மாற்றியதும் நட்டை இறுக்கிவிடக் கூடாது. வண்டியை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும்.

பிரேக்

டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. மலைச் சாலையில் இறங்கியவர்களுக்கு இது தெரியும். காற்றுப் படும்படி வெளியே சுழலும் தட்டை இரு பக்கமும் பற்றிப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் அதற்கு மாற்று. 1953-ல் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற பிறகு எல்லோரும் அதைக் கவனித்தார்கள். 1956-ல் டிரையம்ப் தன் டி.ஆர்.3 ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரங்களில் அதைக் கொடுத்தது. 1962 ஸ்பிட்ஃபயரிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அதே 1962-ல்தான் நம் பாடியில் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் கிர்லிங்கோடு கூட்டாக பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது.

பழைய பிரேக்கைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, ஓய்வு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளே துருவாகும். சூடேறினால் ஆவியாகிப் பெடலைப் பஞ்சு மாதிரி ஆக்கும். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். பேஸ்மென்ட்டில் மாதக்கணக்கில் நிற்கும் நம் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

மாப்பிள்ளையின் வண்டியில் முன் காலிப்பர் பிஸ்டன்கள் துருவேறி இருந்தன. புதிய பிஸ்டனும் ரப்பர் சீலும் போட்டோம். காலிப்பரின் இரண்டு பாதிகளை இணைக்கும் போல்ட்டை மட்டும் தொடவில்லை. அதைப் பிரிக்க வேண்டாம் என்பது தயாரித்தவர்களின் எச்சரிக்கை. பின் சக்கரத்தில் வீல் சிலிண்டர் தன் தகட்டில் அங்குமிங்கும் நகர வேண்டும். இறுகிப்போயிருந்தது. பழைய லைனிங் தூளை அவர் ஊதவோ பிரஷ்ஷால் தட்டவோ இல்லை. முகமூடி போட்டு ஈரத்துணியால் துடைத்தார். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உப்புச் சாலையில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் குழாய் வளைத்துப் போட்டார். பழைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஒரு குழாய் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். அமெரிக்காவில் 1968 முதல் இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கியதற்கு இதுதான் காரணம்.

கடைசி வேலை ஏர் எடுப்பது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தள்ளி இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். "மிதிங்க மாமா... அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும். நூறு தடவையாவது மிதித்திருப்பேன். பஞ்சு போலிருந்த பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் போல ஆனது.

சோதனை

நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 முதல் அங்கே எம்.ஓ.டி. கட்டாயமில்லை. ஆனாலும் மாப்பிள்ளை தானாகவே கொண்டுபோனார். "நான் மாட்டினதை நானே சரின்னு சொல்லக் கூடாது மாமா" என்றார். சோதனை செய்தவர் ரோலர் மேல் நிறுத்திப் பிரேக்கைப் பார்த்தார், கம்பியால் சக்கரங்களை நெம்பிப் பார்த்தார். ஹேண்ட் பிரேக் மட்டும் ஒரு பக்கம் குறைவாகப் பிடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார். கேபிளைச் சரிசெய்து, அடுத்த வாரம் தேறியது. மொத்தச் செலவு எவ்வளவு என்று அவர் என் மகளிடம் சொல்லவில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

திரும்பி வரும்போது ஒரு ரவுண்டானாவில் முழுசாகத் திருப்பினார். என் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. அப்பா இருந்திருந்தால் அன்று இரவே போன் செய்து, "கால் வீக் இல்லப்பா, நாமதான் கிரீஸ் அடிச்சோம்" என்று சொல்லியிருப்பேன்.

நமக்கு

நம் பேஸ்மென்ட்டில் யாரும் ஜாக்கி போட்டு கார் கழற்றலாம் என்று சொல்ல வரவில்லை. விதிமுறையைச் செயலாளர் நினைவூட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கே செய்தாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.

சொல்ல வந்தது வேறு. நம் ஜெனரேட்டர், சம்ப் மோட்டார், தீயணைப்புப் பம்ப் மூன்றுக்கும் எந்த ஆயில், எப்போது மாற்ற வேண்டும் என்பது இன்று பழைய பிளம்பர், எலக்ட்ரீஷியன் தலைகளில் மட்டும் இருக்கிறது. கம்பெனிக் கையேடுகள் ஆபீஸ் பீரோவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கின்றன. அவற்றில் உள்ளதை ஒரு பக்கத் தமிழில் எழுதி, அந்தந்த இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டலாம். எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கூட உட்கார இன்ஜினீயர் நண்பர்கள் இருவர் முன்வந்தால் தீபாவளிக்குள் முடித்துவிடலாம்.

யார் வீட்டிலாவது பழைய ஹெரால்டு அல்லது கெஸல் படம் இருந்தால் இதழுக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் வெள்ளை ஹெரால்டின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.